தாய்மாமன் இலை

ஹெப்பாள், மைசூர்
2.6.2024

அன்புள்ள பாக்கியத்துக்கு, அண்ணன் மகேந்திரன் எழுதுவது.

நலமா என்று கேட்டால், "உங்க ஒடம்பு நல்லா இருந்தாப் போதுங்கண்ணா" என்று குத்துவாய். அதனால் கேட்கவில்லை. கவினுக்குக் காது ஆறிவிட்டதா? சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்.

காதுகுத்து முடிந்து மைசூர் வந்ததிலிருந்து உனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் செய்தால் அவர் எடுத்து, "இருங்க மச்சான், அம்மிணிகிட்டக் குடுக்கறேன்" என்கிறார். தூரத்தில் உன் குரல் ஏதோ சொல்கிறது. உடனே அவர், "கையெல்லாம் மாவா இருக்குதுங்க மச்சான்" என்று சமாளிக்கிறார். இத்தனை நாளாகவா ஒரே மாவைப் பிசைகிறாய்? வேறு வழியில்லாமல்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்? சீர்த்தட்டில் ஏதாவது குறைந்ததா? கவினை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் அலறி என் சட்டைப் பையைக் கிழித்தான், அப்போதும் விடாமல் பிடித்திருந்தேன். தாய்மாமன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாததா? அப்பா போகும்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவ வந்தவர் அப்படியே சரிந்தார். செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு இப்போது நாற்பத்தைந்து. போன வருடம் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எனக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தது. அன்றோடு எண்ணெய், சர்க்கரை, கறி, மைதா, வெள்ளை அரிசி எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டேன். இடுப்புப் பட்டையில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன். தயாராகி வரும் உருப்படியில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதை ஒதுக்கி வைப்பதுதான் இங்கே என் வேலை. என் உடம்பையும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். இதில் உனக்கு என்ன அவமானம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
மகேந்திரன்


ஹனூர்
11.6.2024

அண்ணாவுக்கு,

பாக்கியம் எழுதுகிறேன். 'அன்புள்ள' என்று போடலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். கவின் காது ஆறிவிட்டது.

பேச மாட்டேன் என்றுதான் சாமி முன்னால் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதில் தெய்வக் குத்தம் ஒன்றும் வராது.

என்ன அவமானம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடா வெட்டி விருந்து வைத்தால் முதல் இலை தாய்மாமனுக்கு. அவர் ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் மற்ற இலைகளில் கை விழும். மைசூர் போனதும் இதெல்லாம் மறந்துவிடுமா? உங்கள் மாப்பிள்ளை யாரையும் விடாமல் தானே வாளியைத் தூக்கிவந்து உங்கள் இலையில் கறி போட்டார். பந்தி முழுக்க உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீங்கள் பையைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தீர்கள். முளைகட்டின பயறும் வெள்ளரிக்காயும். கறி இலையை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, டப்பாவிலிருந்தே மென்றீர்கள். ஆடு தழை மெல்லுவதைப் போல மென்றீர்கள். அப்போதும் மற்றவர்கள் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் பங்காளி அய்யாசாமி பெரியவர் இருக்கிறாரே, அவர் எழுந்தே போய்விட்டார். போகும்போது என்னிடம், "ஏம்மிணி, நம்மூட்டுச் சோத்துல மருந்து கிருந்து வெச்சிருக்கறம்னு உங்கண்ணன் நெனச்சுப்போட்டாரா?" என்று கேட்டார். உறவு வேண்டாம் என்கிறவன்தான் எங்கள் பக்கத்தில் அப்படி இலையைத் தள்ளுவான். அன்றைக்கு உங்கள் மாப்பிள்ளை ஒரு பருக்கை சாப்பிடவில்லை. சாப்பாட்டு ராமன் என்று ஊரே சொல்லும் மனுஷன், "பசிக்கல அம்மிணி" என்று சொல்லிவிட்டு அண்டாக்களைக் கழுவப் போய்விட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. உடனே போய்ச் சாமி முன்னால் சொன்னேன். நீங்கள் என் வீட்டுக்கு வந்து, நான் போட்ட இலையில் உட்கார்ந்து சாப்பிடும்வரை உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

அப்பா உங்களுக்கு மட்டும்தான் போனாரா? அவர் சந்தைக்குப் போய் வந்தால் ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் தான் ஒன்றைத் தின்றுவிட்டு விரலை நக்கிக்கொண்டே நமக்குக் கொடுப்பாரே, எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது. அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்த நீங்கள் பயப்படுகிறீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக எங்களை இப்படித் தலைகுனிய வைப்பீர்களா?

பாக்கியலட்சுமி


ஹெப்பாள், மைசூர்
30.6.2024

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணி சௌம்யாவிடம் காட்டினேன். எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். படித்து முடித்துவிட்டு, "அவங்க எழுதியிருக்கறது கம்மி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். அந்தத் தெருவில் ஒரு ஓட்டலில் சௌம்யாவும் அனுப்ரியாவும் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் தையல் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு மசால் தோசை, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. அனு ஏதோ சொல்ல, சௌம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. உள்ளே போனேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அனு தட்டைக் கொஞ்சம் மறைக்கப் பார்த்தாள். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன் பாக்கியம். பெற்ற பெண் என்னைப் பார்த்துத் தோசையை மறைக்கிறாள்.

வேலையிடத்திலும் அப்படித்தான். இங்கே மதியமானால் ஒருவரையொருவர் "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்பார்கள். சாப்பாடு ஆச்சா என்பதுதான் இந்த ஊரில் நலம் விசாரிப்பது. என்னிடம் இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் நான் ஆளிவிதையைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். டாக்டர் என்னிடம் எண்ணெயைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்றுதான் சொன்னார். மீதி எல்லாம் நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒன்றை விட்டதும் இன்னொன்றையும் விட்டால் இன்னும் நல்லது என்று தோன்றியது. இப்போது எதையாவது வாயில் வைத்தால் அப்பாவின் கை செம்பைத் தட்டிவிட்டது ஞாபகம் வருகிறது. நாற்பத்தாறைத் தாண்டிவிட்டால் பயம் விட்டுவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளேன்.

மாப்பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அண்ணன்,
மகேந்திரன்


ஹனூர்
22.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன். அனு தட்டை மறைத்ததைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கிறது.

இங்கே நடக்கும் கூத்தைக் கேளுங்கள். நீங்கள் எழுதியதை உங்கள் மாப்பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டார். அன்றிலிருந்து அடுப்படி என் கையில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துப் பழகாத மனுஷன், எண்ணெய் இல்லாமல் கறி சமைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். முதல் வாரம் கோழி சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சட்டியைத் தூர எறிந்தோம். இரண்டாம் வாரம் தண்ணீரில் வேகவைத்துச் சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டார். கவின் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது ஆசுபத்திரிக் கோழி" என்றான். போன ஞாயிறு வாழை இலையில் சுற்றித் தணலில் சுட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நன்றாக இருந்தது. அவரே இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டு, "மச்சான் இதச் சாப்புடுவாருல்ல அம்மிணி? இதுல எண்ணெ ஒரு சொட்டு இல்லைன்னு சாமி மேல சத்தியம் பண்ணிச் சொல்லிப்போடறேன்" என்றார்.

ஆடிப் பதினெட்டுக்கு வாருங்கள். அண்ணியையும் அனுவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணெயில்லாத கறி, கொள்ளு ரசம், ராகிக் களி. உங்கள் இலையில் உங்களுக்கு ஆகாதது எதுவும் விழாது. அது என் பொறுப்பு. ஒரு வாய் சாப்பிட்டால் போதும், என் சபதம் முடிந்துவிடும். நான் பேசாமல் இருந்து இருந்து எனக்கே அலுத்துவிட்டது அண்ணா. உங்களை விட்டால் நான் யாரைத் திட்டுவது?

வரும் நாளை எழுதுங்கள்.

பாக்கியம்


ஹெப்பாள், மைசூர்
29.7.2024

அன்புள்ள பாக்கியத்துக்கு,

மாப்பிள்ளை சமைத்ததைப் படித்துவிட்டு நான் சிரித்த சத்தம் கேட்டு அனு ஓடி வந்தாள். அவரிடம் சொல், எனக்காக இவ்வளவு பாடுபட்ட ஆள் வேறு யாரும் கிடையாது.

ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு வர முடியாது. மறுநாள் இங்கே நீண்ட தூர ஓட்டப் போட்டி. பல மாதமாகக் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பழகியிருக்கிறேன். முதல் நாள் பயணம் செய்தோ பழக்கமில்லாததைச் சாப்பிட்டோ வயிறு கெட்டால் எல்லாம் வீண். ஆவணியில் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள், அது நல்லபடியாக வரவேண்டும். புரட்டாசியில் நீங்களே கறி தொடமாட்டீர்கள். தீபாவளிக்கு நிச்சயம் வருகிறேன். அதற்குள் என் பரிசோதனையும் முடிந்திருக்கும், மனதில் பாரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். மாப்பிள்ளை எண்ணெய் விட்டே சமைக்கட்டும். இது வாக்கு.

அவருக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஓட்ஸ், ஆளிவிதை, கையில் கட்டும் கடிகாரம் ஒன்று. நடந்தால் எவ்வளவு நடந்தோம் என்று காட்டும், இதயத் துடிப்பையும் காட்டும். ஐம்பதை நெருங்குகிறார், அவரும் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும். அவர் இருந்தால்தானே உனக்குப் பலம்.

கோபித்துக்கொள்ளாதே. தீபாவளி என்ன, கண் மூடித் திறந்தால் வந்துவிடும்.

அண்ணன்,
மகேந்திரன்


ஹனூர்
14.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதினெட்டன்று வாசலில் பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்தார். வரமாட்டேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று சொன்னாலும், "ஒருவேள மனசு மாறிட்டாருன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் ஓடி ஜெயித்தீர்களா? ஜெயித்தால் என்ன கொடுப்பார்கள்?

கடிகாரம் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். மஞ்சக் காட்டில் களை எடுக்கிற பொம்பளைகள் சிரிக்கிறார்கள். "ஏனுங்க, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் காட்டுல நடக்கறது போதாதுங்களா?" என்று நான் கேட்டேன். "அது வேலைக்கு நடக்கறது, இது மச்சான் சொன்ன நடை" என்கிறார்.

தீபாவளி என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சரி. நானும் வாயை இன்னும் கொஞ்சம் கட்டிவைக்கிறேன்.

பாக்கியம்


ஹெப்பாள், மைசூர்
6.10.2024

அன்புள்ள பாக்கியத்துக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் கருமாதி முடிந்து வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மழை பெய்த ஈரத்தில் மோட்டார் சுவிட்சைத் தொட்ட ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அவர் இதயத்துக்கு ஒன்றுமில்லை, ரத்தத்துக்கு ஒன்றுமில்லை. நான் எதையெதையோ எண்ணிப் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு நாற்பத்தொன்பதுகூட முடியவில்லை.

என் ரத்தப் பரிசோதனை முடிவு அவர் போவதற்கு முந்தின வாரம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னபோது, "அப்பறம் என்னுங்க மச்சான், தீபாவளிக்கு ரண்டு ஆளுஞ் சேந்து ஒரு பிடி பிடிச்சரலாம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு வந்திருக்கலாம். ஓடி முடித்ததற்கு ஒரு மெடல் கொடுத்தார்கள், ஓடியவர்கள் எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள். இதற்காகவா ஒரு மனுஷனை வாசலைப் பார்க்க வைத்தேன்? சட்டியைக் கருக்கிக் கருக்கி அவர் கற்றுக்கொண்ட கறியின் ருசி எனக்குத் தெரியாது. இனி யாரைக் கேட்டாலும் தெரியாது.

கருமாதிச் சாப்பாட்டில் என்னைப் பங்காளிகள் வரிசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். போட்டதை எல்லாம் சாப்பிட்டேன். சோறு, வடை, பாயசம், அப்பளம், எதையும் தள்ளவில்லை. பாயசம் மறுபடி கேட்டு வாங்கினேன். அய்யாசாமி பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் பார்த்தால் என்ன என்று அழுதுகொண்டே சாப்பிட்டேன். நிமிர்ந்தபோது நீ உள் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் பாக்கியம். உன் சபதம் இதோடு முடிந்ததா, அல்லது இது கணக்கில் சேராதா? அன்று நீ முகத்தைத் திருப்பியது என்னைத் தூங்க விடவில்லை. திட்டவேண்டும் என்றால் திட்டு. என்ன நினைத்தாய் என்று மட்டும் சொல்.

அண்ணன்,
மகேந்திரன்


ஹனூர்
17.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. கவின் பள்ளிக்கூடம் போகிறான். ராத்திரி என் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

நான் ஏன் முகத்தைத் திருப்பினேன் என்று கேட்டீர்கள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். இனி இதை நான் ஒருத்தியாகச் சுமக்க முடியாது.

நீங்கள் பார்சல் அனுப்பியதிலிருந்து அவர் சாப்பிடுவதையே மாற்றிவிட்டார். உங்களுக்குச் சொல்லக்கூடாது, தீபாவளிக்கு நேரில் பார்த்து அசரவேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியம் உப்புச் சப்பில்லாத கீரை. ராத்திரி வேகவைத்த கொள்ளு. நெய் டப்பாவை அவரே பரணில் ஏற்றினார். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். ஒரு உட்காரலில் பத்து பணியாரம் தின்கிற மனுஷன், பக்கத்து வீட்டுச் சட்டி வாசனைக்கு மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து போவார். "வயித்தக் காலியா வெச்சுக்கறேன் அம்மிணி. மச்சான் கூட உக்காந்து சாப்புடறப்ப மொத்தமா வட்டியோட தீத்துக்கறேன்" என்று சிரிப்பார். மச்சான் அவ்வளவு கஷ்டப்படுகிறார், தான் மட்டும் தின்றுகொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்றும் ஒரு நாள் சொன்னார்.

இதில் உங்களை மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "ஒரே ஒரு நாளு கறி எடுத்து ஆக்கறயா? நாக்கு செத்துப் போச்சு" என்று என்னிடம் கேட்டார். நான்தான் ஆக்கவில்லை. அவர் இளைத்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் முன்னால் அவரை நிறுத்தி, பாருங்கள், உங்களுக்காக என்று காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "இன்னங் கொஞ்ச நாளுதானுங்க, தீவாளி வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தட்டில் போட்டேன். மறு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்.

அதனால்தான் அண்ணா. நீங்கள் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கியபோது என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் மேல் கோபமில்லை. அவருக்கு முன்னால் அந்த இலையைப் போடாமல் விட்டேனே என்றுதான் எனக்கு நெஞ்சு வெடித்தது. கடைசி ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் பிடித்ததைச் சாப்பிட்டது நானும் கவினும் மட்டும்தான். சம்பாதித்துப் போட்டவர் நாக்கு செத்துத்தான் போனார்.

கருமாதிச் சாப்பாடு சபதத்தில் சேராது. நான் கூப்பிடவில்லை, நான் பரிமாறவில்லை. தீபாவளி இந்த வருடம் எங்களுக்கு இல்லை, ஆனாலும் நீங்கள் வாருங்கள். சமைக்கிறேன். சாப்பிட முடிந்ததைச் சாப்பிடுங்கள், முடியாவிட்டால் சும்மா உட்காருங்கள். நான் இனி யாரையும் சாப்பிடு என்றும் சொல்லமாட்டேன், சாப்பிடாதே என்றும் சொல்லமாட்டேன்.

அதுவரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். சாமி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறேன் அண்ணா.

பாக்கியம்